நெத்திலி மத்திக்குஞ்சு இல்லைங்க

"நெத்திலி என்பது மத்தியின் குஞ்சு, அதைத் தின்றால் மத்தியே அழிந்துபோகும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அக்கறை புரிகிறது, ஆனால் தகவல் தப்புங்க அண்ணா. நெத்திலி தனி மீன். இரண்டும் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். நெத்திலி முழுசாக வளர்ந்தாலே பெரும்பாலும் ஒரு விரல் நீளம்தான் இருக்கும்.

நம்ம கொங்குப் பக்கம் கடல் கிடையாது, கருவாடாகத்தான் பலரும் பார்க்கிறோம். காய்ந்து சுருங்கியதைப் பார்த்தால் குஞ்சு மாதிரி தோன்றுவது இயல்பு. அடுத்த முறை புளியம்பட்டிச் சந்தைக்குப் போனால் ஒன்றைக் கையில் எடுத்து முகத்தைப் பாருங்கள். மூக்கு முன்னால் துருத்தி நிற்கும். வாய் அதற்கு அடியில், கண்ணையும் தாண்டிப் பின்னால் வரைக்கும் பிளந்திருக்கும். எங்கள் அம்மாயி தலையைக் கிள்ளிப் போடும்போது நான் எத்தனையோ முறை பார்த்தது இது. பக்கவாட்டில் வால்வரை ஒரு வெள்ளிப் பட்டை ஓடும். மத்திக்கு வாய் சின்னது, முகத்தின் நுனியிலேயே இருக்கும். முட்டைகூட வேறு: மத்திக்கு உருண்டை, நெத்திலிக்கு நீள்வட்டம்.

இரண்டும் கரையோரம் மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரிகிறவை, அதனால் குழப்பம் வந்திருக்கலாம்.

மத்திக்குஞ்சைப் பிடிப்பது உண்மையான பிரச்சினைதான். கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடையே இருக்கிறது. அதைப் பற்றி எழுதுங்கள், நானும் பகிர்கிறேன். நெத்திலி பற்றிய அந்த வரியை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்க அண்ணா. சந்தையில் கூடை வைத்து விற்கிற அம்மாக்களின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.