ஹோம்வேர்ல்ட் விளையாட ஆரம்பித்திருக்கிறேன்

மூன்று வாரமாக சனிக்கிழமை ராத்திரிகளில் ஹோம்வேர்ல்ட் என்கிற விண்வெளிக் கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடுகிறேன். மொத்தம் 16 மிஷன், அதாவது கட்டங்கள். அதில் ஐந்து முடிந்திருக்கிறது. முழுசாக முடித்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்றாவது மிஷன் முடிந்த ராத்திரியிலிருந்து இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கிறது. இனிமேல் விளையாடலாம் என்று இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மிஷனில் என்ன நடக்கிறது என்று சொல்லாமல் என்னால் எழுத முடியாது.

இது புது விளையாட்டு இல்லை. கனடாவில் வான்கூவரில் இருந்த ரெலிக் என்கிற நிறுவனம் 1999-இல் செய்தது. பிறகு உரிமை டிஎச்க்யூ என்கிற விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், அவர்கள் திவாலானபோது 2013-இல் ஏலத்துக்கு வந்தது. கியர்பாக்ஸ் என்கிற இன்னொரு விளையாட்டு நிறுவனம் 13.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்து, கப்பல்களையும் வானத்தையும் புதுசாக வரைந்து 2015-இல் ரீமாஸ்டர்டு என்று வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்போடு பழைய வடிவமும் சேர்ந்தே வருகிறது. நான் வாங்கியது அதைத்தான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். கராக் என்று ஒரு பாலைவனக் கிரகம். அங்கே வாழும் மக்கள் குலம் குலமாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒருநாள் மணலுக்குக் கீழே பழங்காலத்து விண்கலம் ஒன்று புதைந்து கிடப்பது தெரியவருகிறது. அதற்குள்ளே ஒரு கல். கல்லில் நட்சத்திர மண்டலத்தின் வரைபடமும் ஒரே ஒரு சொல்லும் செதுக்கியிருக்கிறது: ஹீகாரா. நம் வீடு என்று அர்த்தம். அதாவது இத்தனை காலம் சொந்த ஊர் என்று நினைத்த இடம் சொந்த ஊரே இல்லை. குலங்களெல்லாம் ஒன்று சேர்ந்து 60 வருஷம் பாடுபட்டு ஒரு தாய்க்கப்பலைக் கட்டுகிறார்கள். காரன் என்ற பெண் விஞ்ஞானி தன் உடம்பையே அந்தக் கப்பலோடு இணைத்துக்கொண்டு அதற்கு உயிராகிறாள். விளையாட்டு முழுக்க நமக்குக் கேட்பது அவளுடைய குரல். அதட்டாத, பதறாத குரல்.

எனக்கு இந்த வகை விளையாட்டு புதுசு இல்லை. சேலத்தில் கல்லூரி படித்த நாட்களில் ஐந்து ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாடியிருக்கிறேன். மரம் வெட்டு, தங்கம் எடு, வீடு கட்டு, படை திரட்டு, போய் அடி. ஸ்டார்கிராஃப்டும் அப்படித்தான். கதை விண்வெளியில் நடந்தாலும் ஆட்டம் தரையில்தான். ஒரு பாயை விரித்து அதன்மேல் காய் நகர்த்துகிற மாதிரி.

ஹோம்வேர்ல்டில் பாயே கிடையாது. இது பிடிபட எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது. கப்பலைத் தேர்ந்தெடுத்து எம் பொத்தானை அழுத்தினால் வட்டமாக ஒரு தட்டு விரிகிறது. எங்கே போகவேண்டும் என்று அந்தத் தட்டில் காட்டலாம். ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு மவுசை நகர்த்தினால் அந்தப் புள்ளி மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் களம் முழுவதும் இருட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அங்கேதான் முதலில் ஏமாந்தேன். பக்கத்தில் இருப்பதாக நினைத்த எதிரி எனக்கு வெகு ஆழத்தில் இருந்தான். கேமராவைச் சுற்றித் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் ராத்திரி நேரத்தில் நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும். சேலம் முழுக்க விளக்காகக் கிடக்கும். அதே இருட்டில் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸின் விளக்கு ஊர்ந்து வரும். பார்த்த மாத்திரத்தில் அதுவும் ஊர் விளக்குகளோடு ஒன்றாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் அது எட்டாவது வளைவில் இருக்கிறதா பன்னிரண்டாவது வளைவில் இருக்கிறதா என்று பிடிபடும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் சின்ன வயசிலிருந்து ஏறி இறங்கியவள் நான். கீழே வேலை, மேலே வீடு. சனிக்கிழமை கடையை முடித்துவிட்டு பஸ் ஏறினால்தான் எனக்கு வாரமே முடியும். அன்றைக்கு அந்த பஸ் விளக்கைப் பார்க்கிற கண்ணோடு திரையைப் பார்த்தேன், களம் பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு நான் எந்தச் சண்டையையும் நேருக்கு நேர் போடவில்லை. ஒரு கூட்டத்தை முன்னால் காட்டிவிட்டு, இன்னொன்றை நல்ல உயரத்துக்கு ஏற்றித் தலைக்கு மேலிருந்து இறக்குகிறேன்.

மூன்றாவது மிஷனுக்கு வருகிறேன்.

முதல் மிஷன் வெள்ளோட்டம். எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். இரண்டாவதில் தாய்க்கப்பல் முதன்முறையாக ஹைப்பர்ஸ்பேஸ் தாவலை, அதாவது வெகுதூரத்தை ஒரே தாவலில் கடப்பதைச் செய்து, முன்கூட்டியே அனுப்பி வைத்த துணைக்கப்பலைச் சந்திக்கப் போகிறது. போனால் துணைக்கப்பல் சிதைந்து கிடக்கிறது. கொள்ளைக்காரர்கள் சுற்றி வளைக்கிறார்கள். அடித்து விரட்டிவிட்டு ஊர் திரும்புகிறோம்.

அன்றைக்கு என் அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பதினோரு வயசு. வெளியே பனி இறங்கி ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அம்மா போர்த்திவிட்ட கம்பளிக்குள்ளே இரண்டு பேரும் இருந்தோம். தாய்க்கப்பல் தாவி வெளியே வருகிறது. முன்னால் கராக். அதன் காற்று மண்டலமே பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. வெடிச் சத்தம் இல்லை, கூச்சல் இல்லை. வயலின் மாதிரி இழுத்து இழுத்துப் பாடுகிற ஒரு கூட்டுக் குரல் மட்டும். காரன் பேசுகிறாள். அந்தப் பதறாத குரல் முதன்முறையாக உடைகிறது.

"என்ன அத்தை சொல்லுறாங்க?" என்றான்.

"ஊர்ல யாரும் மிச்சமில்லையாம் சாமி. எல்லாம் போயிடுச்சாம்."

"அப்ப இவங்க எங்க போவாங்க?"

என்னிடம் பதில் இல்லை. திரையிலும் அழுவதற்கு நேரம் கொடுக்கவில்லை. தாய்க்கப்பலில் ஏற்றுவதற்காக உறைநிலையில் தூங்க வைத்த மக்கள் ஆறு பெரிய தட்டுகளில் சுற்றுப்பாதையில் மிதக்கிறார்கள். அந்த இனத்தில் மிஞ்சியது தாய்க்கப்பலில் இருப்பவர்களும் இவர்களும்தான். எதிரிக் கப்பல்கள் அந்தத் தட்டுகளைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. அடித்து விரட்டவேண்டும். அதற்கப்புறம் இழுவைக் கப்பல்களை அனுப்பித் தட்டுகளைத் தாய்க்கப்பலுக்குக் கொண்டுவரவேண்டும். அந்த இழுவைக் கப்பல்கள் குட்டிக் குட்டியானவை. தட்டோ பெரிசு. பிள்ளையார் எறும்பு அரிசியை இழுத்துப் போகிற மாதிரி நகர்கின்றன. வேகப்படுத்த வழியில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தட்டும் உள்ளே போனதும் அவன் விரல் மடக்கினான். ஆறாவது உள்ளே போனபோது மணி பத்தரை தாண்டிவிட்டது. அம்மா வந்து சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தோம்.

எங்கள் அம்மாயி பிறந்தது மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்றில். அணை கட்டி முடித்தது 1934-இல். அப்போது அம்மாயிக்கு ஆறு வயசு. பானை சட்டியோடு வண்டி ஏறியது, வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது தெருப் பிள்ளையாருக்கு யாரோ விளக்கு வைத்திருந்தது, இது இரண்டும்தான் அவருக்கு ஞாபகம். அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச்சின் கோபுரமும் வெளியே தெரியும். பேப்பரில் அந்தப் படம் வந்தால் அம்மாயி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். "அந்தாண்ட பக்கம்தான் எங்க வூடு" என்பார். படத்தில் அந்தாண்ட பக்கம் வெறும் சேறுதான் இருக்கும். எஸ்டேட் வேலைக்கு மலை ஏறி வந்து, எழுபது வருஷத்துக்கு மேல் ஏற்காட்டிலேயே வாழ்ந்து, இங்கேயே செத்துப்போனார். ஆனால் யாராவது ஊர் எது என்று கேட்டால் ஒருநாளும் ஏற்காடு என்று சொன்னதில்லை.

கராக்கையும் மேட்டூரையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்று அழிப்பதற்காக வைத்த நெருப்பு. மற்றது லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் தருகிற தண்ணீர். ஆனால் "அப்ப இவங்க எங்க போவாங்க" என்று அந்தப் பையன் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அம்மாயி மடியில் இருந்த பேப்பர்தான்.

இந்த விளையாட்டை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், அந்தக் காட்சி மட்டும் இல்லை. அழவைக்கிற காட்சியை யாரும் எடுத்துவிடலாம். அந்தக் காட்சியில் சொன்னதை ஆட்டத்தின் விதியிலேயே வைத்திருக்கிறார்கள். மற்ற விளையாட்டுகளில் ஒரு மிஷன் முடிந்தால் அந்தப் படை அதோடு காணாமல் போகும். அடுத்ததில் புதுசாக நாலு ஆளோடு ஆரம்பிப்போம். அதனால் ஜெயித்தால் போதும், எத்தனை பேர் செத்தாலும் கவலை இல்லை. இங்கே மிஞ்சிய கப்பல்கள் எல்லாம் அப்படியே அடுத்த மிஷனுக்குக் கூட வருகின்றன. இழந்தது இழந்ததுதான். விண்கற்களிலிருந்து சேர்த்த வளமும் அதேபோல் கூட வரும், அதுவும் அளவானது. நாலு மிஷன் தள்ளி வரப்போகிற சண்டையைச் சமாளிக்க முடியாமல் போவதற்கு இன்றைக்கு நான் காட்டுகிற அவசரம் காரணமாகலாம்.

நாலாவது மிஷனில் ஒரு ஃப்ரிகேட், அதாவது ஒரு வகைப் போர்க்கப்பல், சாகக் கிடந்தது. அதை முன்னால் விட்டிருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும். மனசு வரவில்லை. பின்னால் இழுத்து, பழுது பார்க்க வைத்து, இருப்பதை வைத்து இருபது நிமிஷம் கூடுதலாகப் போராடினேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் நான் ஒரு குதிரைவீரனுக்காகக்கூட இப்படி நின்றதில்லை.

ஐந்தாவதில் கராக்கை எரித்த படையைத் தேடிப் பிடித்து அடிக்கிறோம். எனக்குக் கை பரபரத்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால், மூன்றாவது மிஷனின் முடிவில் வருகிற ஒன்று இன்னும் உறுத்துகிறது. பிடித்த எதிரிக் கப்பலின் தலைவனை விசாரிக்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஒப்பந்தம் கராக் மக்களுக்கு ஹைப்பர்ஸ்பேஸைத் தடை செய்திருந்தது, அதை மீறியதற்குத்தான் இந்தத் தண்டனை என்று தெரியவருகிறது. அந்த ஆள் விசாரணையில் பிழைக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் பக்கத்து ஆட்கள்தான் சொல்கிறார்கள். நம்மை நல்லவர்கள் என்று எங்கேயும் தட்டிக்கொடுக்கவில்லை. அண்ணன் மகனுக்கு அந்த வரியை நான் மொழிபெயர்க்கவில்லை.

ரீமாஸ்டர்டு மேல் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. 1999 வடிவத்தில் சின்ன போர் விமானங்களுக்கு எரிபொருள் தீரும். தீருவதற்குள் திரும்பி வந்து நிரப்பிக்கொண்டு போகவேண்டும். புதுசில் அதை எடுத்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்து விளையாடிப் பார்த்ததால் சொல்கிறேன், எடுத்திருக்கக் கூடாது. வண்டியில் மலை ஏறுகிறவர்கள் அஸ்தம்பட்டி தாண்டும் முன்னால் பெட்ரோல் முள்ளை ஒருதரம் பார்ப்பார்கள். அந்தப் பார்வை பழைய வடிவத்தில் இருந்தது. எவ்வளவு தூரம் அனுப்பலாம், திரும்பி வருவார்களா என்று ஒவ்வொரு தடவையும் யோசித்தோம். வீட்டைத் தேடிப் போகிற கதையில், திரும்பி வருவதைப் பற்றி யோசிக்க வைத்த ஒரு விதியைச் சௌகரியத்துக்காக நீக்கியது எனக்கு ஒப்பவே இல்லை.

மெதுவாகப் போகிறது என்று என் நண்பர்கள் இரண்டு பேர் பாதியில் விட்டுவிட்டார்கள். மெதுவாகத்தான் போகிறது. அந்த ஆறு தட்டையும் வேகமாக இழுத்து வர வைத்திருந்தால் அண்ணன் மகன் விரல் மடக்கியிருக்க மாட்டான்.

எழுத்து ரொம்பப் பொடிசு என்பதும், பேசுவது எல்லாம் இங்கிலீஷில் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லவேண்டும் என்பதும் உண்மை. நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தாய்க்கப்பலை அவன் "அம்மா வண்டி" என்கிறான். ஹீகாராவை "அவங்க ஊரு" என்கிறான். இழுவைக் கப்பலுக்கு மட்டும் எறும்பு.

ஆறாவது மிஷன் முழுக்க விண்கற்கள் நடுவில் என்று தெரிகிறது. அவன் வராமல் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். ஐந்தாவதின் முடிவில் சேமித்து வைத்துவிட்டேன். படையில் அந்த ஃப்ரிகேட்டும் இருக்கிறது.