தெந்தேரா கோயிலில் இருப்பது மின்விளக்கா?

எகிப்தின் தெந்தேராவிலுள்ள ஹாத்தோர் என்னும் பெண் தெய்வத்தின் கோயில் நிலவறைச் சுவரில் மின்விளக்கு செதுக்கப்பட்டுள்ளது என்றும், கல்லறைக் கூரைகளில் தீப்பந்தங்களின் புகைக்கரி இல்லாததே பண்டைய எகிப்தியர் மின்விளக்கைப் பயன்படுத்தியதற்குச் சான்று என்றும் ஒரு காணொளி பரவி வருகிறது. இது தவறு.

குனிந்தே நுழைய வேண்டிய அந்தக் குறுகிய அறையில் பயணிகள் காணும் நீண்ட குமிழ் வடிவத்தின் அடியில் தாமரை மலர் இருக்கிறது. 'மின்கம்பி' எனப்படுவது அம்மலரின் தண்டு. உள்ளே நெளிவது மின்விளக்கின் இழை அன்று, தாமரையிலிருந்து தோன்றும் ஹர்சோம்டஸ் என்னும் கடவுளின் நாக வடிவம். 'மின்காப்பு' என்று காட்டப்படும் தூண், நிலைபேற்றைக் குறிக்கும் ஜெத் சின்னமாகும். அது எகிப்து முழுவதும் தாயத்துகளிலும் சவப்பெட்டிகளிலும் காணக்கூடியதே. படத்தைச் சுற்றியுள்ள எழுத்துகளும் இக்கடவுளைப் பற்றியே பேசுகின்றன. படத்தை மட்டும் காட்டி, அருகிலேயே இருக்கும் எழுத்தைப் படிக்காமல் விடுவது வசதியான ஆய்வுமுறைதான்.

மேலும், இப்போதுள்ள கோயிலின் கட்டுமானம் கி.மு. 54இல்தான் தொடங்கியது, கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு அதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் முந்தையது. எனவே பிரமிடு கட்டியவர்கள் எந்த விளக்கைப் பயன்படுத்தினர் என்பதற்கு இப்படம் சான்றாகாது.

புகைக்கரி வாதமும் நிற்காது. இதே கோயிலின் பெருமண்டபக் கூரை கரி படிந்து கறுத்திருந்தது. அண்மைக்காலத் தூய்மைப் பணிக்குப் பின்னரே இன்று பயணிகள் வியக்கும் நீல வண்ணம் வெளிப்பட்டது. அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்த தெய்ர் எல் மெதினா என்னும் ஊரின் தொழிலாளர்களுக்கு விளக்குத் திரிகள் எண்ணி வழங்கப்பட்ட கணக்குகள், அவர்கள் எழுதிய சுண்ணாம்புக்கல் சில்லுகளிலேயே கிடைத்துள்ளன.