கூட்டுகிறதா, குறைக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்

நேற்றும் ஒரு ஃபார்வர்ட். ஒரே மூலிகை, ஒரே படம். மேல் வரியில் 'நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்', அடுத்த வரியிலேயே 'அழற்சியைத் தணிக்கும்'. எழுதியவருக்கு உறுத்தவே இல்லை போல. அழற்சி என்பதே எதிர்ப்பு சக்தி வேலை செய்யும்போது உடம்பு படும் பாடுதானே? முள் குத்திய இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது என்றால் அங்கே வெள்ளணுக்கள் வந்து இறங்கிவிட்டன என்று அர்த்தம். அப்படியென்றால் இந்த மூலிகை அவற்றைக் கிளப்பிவிடுகிறதா, அடக்குகிறதா?

மூலிகைச் சாறு வெள்ளணுக்களை என்ன செய்கிறது என்று சோதிக்கும் வேலையைச் சில வருடங்கள் ஆய்வகத்தில் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் விட்டு, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து எடுத்த எல்பிஎஸ் என்ற பொருளைத் துளியூண்டு சேர்த்தால் போதும், கிருமி வந்துவிட்டதென்று நம்பி அந்தச் செல்கள் டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎல்-6 என்று அழற்சிப் புரதங்களைக் கொட்டித் தீர்க்கும். மூலிகைச் சாற்றையும் கலந்தால் அது குறைகிறதா என்று எலைசா என்ற, புரத அளவை நிறமாகக் காட்டும் சோதனையில் பார்ப்போம். மஞ்சள் நிறம் அடர்த்தியாக இருந்தால் புரதம் அதிகம், வெளிறினால் குறைவு.

நான் முதலில் போட்ட ஒரு சாற்றில் அந்த மஞ்சள் நிறம் கிட்டத்தட்ட காணாமலே போயிற்று. தலைகால் புரியாமல் ஓடிப்போய்ச் சொன்னேன். "செல் உயிரோட இருக்கா பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார் என் ஆய்வு வழிகாட்டி. பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பாதிக்கு மேல் சுருங்கி, உதிர்ந்து கிடந்தன. செத்த செல் எதைச் சுரக்கும்? சாற்றின் அளவும் அதிகம், அதைக் கரைத்த எத்தனாலும் அதிகம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. எல்பிஎஸ் போடாமல் வெறும் சாற்றைப் போட்டாலே செல்கள் கிளர்ந்தெழும், உடனே 'எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிறது' என்று எழுதத் தோன்றும். ஆனால் இலையிலும் வேரிலும் பாக்டீரியா இருக்கும், அதன் எல்பிஎஸ் கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. எல்பிஎஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும் பாலிமிக்ஸின் பி என்ற மருந்தைச் சேர்த்துப் பார்த்து, அப்போது தூண்டல் அடங்கிவிட்டால் அந்தப் பெருமை செடிக்கு இல்லை, அதில் ஒட்டியிருந்த கிருமிக்கு.

சரி, தட்டில் ஒழுங்காகவே வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சளில் உள்ள குர்குமின், செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தை அடக்கும், உண்மைதான். ஆனால் கிராம் கணக்கில் விழுங்கினாலும் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். தட்டில் நாம் ஊற்றுகிற அளவை வெள்ளணுக்கள் உடம்புக்குள் பார்ப்பதே அபூர்வம்.

மூலிகையெல்லாம் சும்மா என்று நான் சொல்ல வரவில்லை. செங்காந்தள் கிழங்கில் உள்ள கோல்சிசினைப் பாருங்கள். செல்லுக்குள் சாரக்கட்டு மாதிரி நிற்கும் டியூபுலின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு, வெள்ளணுக்கள் மூட்டுக்குள் படையெடுப்பதைத் தடுக்கிறது, கவுட் என்ற மூட்டு நோயின் வலி அடங்குகிறது. 2023-ல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் 0.5 மில்லிகிராம் மாத்திரையாக அனுமதித்தார்கள். அதே கிழங்கை அப்படியே தின்றால் ஆள் செத்துப்போவார். எந்தப் பொருள், எந்தச் செல், எத்தனை மில்லிகிராம் என்று மூன்றும் தெரிந்ததால்தான் அது மருந்து.

அப்புறம் இன்னொன்று. முடக்குவாதம் மாதிரி, தன் உடம்பையே தன் வெள்ளணுக்கள் தாக்கும் நோய் உள்ளவர்களுக்கு அவற்றை அடக்கத்தான் மருந்து கொடுக்கிறார்கள். 'கூட்டும்' என்பது நிஜமாகவே நடந்தால் அவர்கள் பாடு திண்டாட்டம். கோவிட் நேரத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் குடித்த சிலருக்கு, எதிர்ப்பு அணுக்களே கல்லீரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அனுப்பியவரிடம் "எந்தச் செல்லில், எவ்வளவு கொடுத்தால்?" என்று கேட்டிருக்கிறேன். இதுவரை ஒரு கும்பிடு ஸ்மைலி வந்திருக்கிறது.