அந்த ஐசியு காட்சியைப் பகிர்ந்தவர்களுக்கு

நம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவரின் உடலுறுப்புக் கொடைச் செய்திக்குக் கீழே, இப்போது எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் படத்தின் ஐசியு காட்சியைப் போட்டு, "இதுதான் நடந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். உயிரோடிருந்தவரை மூளைச்சாவு என்று பொய் சொல்லி உறுப்புகளை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களில் மூளைச்சாவு அடைந்த அத்தானின் உறுப்புகளைக் கொடுத்த என் அக்கா குடும்பத்தை நன்றாக அறிந்த நாகர்கோவில், மார்த்தாண்டம் நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மூளைச்சாவு அடைந்ததாகச் சொல்லப்பட்டவர் படத்தில் விரலை அசைக்கிறார். நாயகன் டாக்டரின் சட்டையைப் பிடிக்கிறான். திரையரங்கில் விசில் பறக்கிறது. விரல் அசைந்தால் உயிர் இருக்கிறது என்று நம் சினிமா பல காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு, அதாவது மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதி, வேலை செய்யும். மீண்டு வரவும் கூடும். மூளைச்சாவில் அந்த மூளைத்தண்டு நிரந்தரமாகச் செத்துவிடுகிறது. அப்படிப்பட்டவரின் விரல் அசைவது முதுகுத் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் மட்டுமே.

தக்கலைப் பக்கம் பைக் விபத்தில் அடிபட்டு அத்தான் வென்டிலேட்டரில் கிடந்தபோது அவருடைய கால் பெருவிரல் அசைந்தது. "தம்பி, அசையுது பாரு" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். உடம்பில் சூடு இருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. டார்ச் அடித்தும் கண்பாவை சுருங்கவில்லை, காதுக்குள் ஐஸ் தண்ணீர் விட்டும் கண் அசையவில்லை, வென்டிலேட்டரை விலக்கிக் காத்திருந்தும் மூச்சு எழவில்லை என்று டாக்டர் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். நான்கு மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும், குறைந்தது 6 மணி நேரம் கழித்து எல்லாச் சோதனைகளையும் மறுபடியும் செய்ய வேண்டும், உறுப்பை எடுத்துப் பொருத்தும் மருத்துவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த 6 மணி நேரத்தை அக்கா எப்படிக் கடந்தாள் என்பதை எந்தப் படமும் காட்டியதில்லை.

"கிட்னி திருட்டே நடக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். நடந்தது. கடனில் தவித்த பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் வளைத்தது 2025-ல் வெளிவந்தது. அது உயிரோடிருக்கும் ஏழையிடம் பறிப்பது. அதைப் படமாக எடுங்கள், நானும் பார்க்கிறேன். ஆனால் மூளைச்சாவு என்பதே மோசடி என்று மக்களை நம்பவைத்தால், கொடுக்க முன்வரும் குடும்பங்கள் பின்வாங்கும். டயாலிசிஸில் காத்திருப்பவர் வேறு வழியின்றி அதே தரகரிடம்தான் போய் நிற்பார்.

"படத்தைப் படமாகப் பாருங்கள்" என்பதை நான் ஏற்க மாட்டேன். 2008-ல் தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த திருக்கழுக்குன்றம் மருத்துவத் தம்பதியின் முடிவு தமிழ்நாட்டையே அசைத்தது. அதன் தாக்கத்தில் மலையாளத்தில் 'டிராஃபிக்' 2011-லும், தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' 2013-லும் வந்தன. அவை விழிப்புணர்வைப் பரப்பின என்று பாராட்டியவர்கள் நாம்தானே? நல்லதைப் பரப்பும் வலிமை சினிமாவுக்கு உண்டென்றால், அச்சத்தைப் பரப்பும் வலிமையும் அதற்கு உண்டு.

அத்தானின் இறுதிச் சடங்கில் உறுப்புக் கொடையாளருக்கான அரசு மரியாதை செய்துவிட்டு அதிகாரிகள் கிளம்பிய பிறகு, எங்கள் தெருக்காரர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்து, "எவ்வளவு கிடைச்சு?" என்று கேட்டார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. வாங்குவது சட்டப்படி குற்றம். அவர் கெட்டவர் அல்லர். அவர் பார்த்த படங்களில் எல்லாம் யாரோ ஒருவர் பணப்பெட்டியோடு வருகிறார்.

நேற்று அந்தப் பின்னூட்டத்தை அக்காவும் படித்திருக்கிறாள். "அன்னைக்கு அசைஞ்சுதே, நாம அவசரப்பட்டுட்டமோ தம்பி?" என்று ராத்திரி போனில் கேட்டாள். டாக்டர் சொன்னதை எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து அவளுக்குச் சொன்னேன். போட்டவர் அதை நீக்க வேண்டும். விருப்பக்குறி இட்ட நண்பர்களும் அதைத் திரும்பப் பெற வேண்டும்.