அம்மும்மைக்க கை

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ஓவியப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓவியன் கிடையாது, பிளக்ஸ் டிசைன் செய்து பிழைக்கிறவன். கூப்பிட்டதற்குக் காரணம் என் இடது கால் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மேடைக்கு ஐந்து படி, சாய்தளம் இல்லை. இரண்டு பி.டி. வாத்தியார்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். கீழே பலத்த கைதட்டல். படி ஏறியதற்குக் கைதட்டு வாங்கியவன் நான்.

தலைப்பு 'தன்னம்பிக்கை'. சக்கர நாற்காலிக்குச் சிறகு முளைத்த படம் மட்டும் ஏழெட்டு வந்திருக்கும். அதற்குப் பின்னால் சூரிய உதயம் (குமரிப் பிள்ளைகள், சூரியன் இல்லாமலா). பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் காட்டிக்கொடுத்ததைத்தானே வரைவார்கள்.

ஒரே ஒரு படம் வேறு மாதிரி. ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளை வரைந்தது. தாள் முழுக்க ஒரு வலது கை, வேறொன்றும் இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் கறுப்பு. நகத்தைச் சுற்றி மட்டும் பென்சிலை அழுத்தி அழுத்தித் தாளே மினுங்கியது.

"இது ஆருக்க கை மக்ளே?"

"எனக்க அம்மும்மைக்க கை சார். அண்டியாபீஸ்ல பிடிச்ச கறை. சோப்பு போட்டாலும் போவாது."

அம்மும்மை என்றால் பாட்டி, அண்டியாபீஸ் என்றால் முந்திரி ஆலை. அண்டியை, அதாவது முந்திரிக்கொட்டையை, தல்லி உடைக்கும்போது தோட்டிலிருந்து வடிகிற எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு வேலைக்கு உட்காருவார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் இப்படி ஒரு கையைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. படத்தில் வரைந்து பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

முதல் பரிசு இதற்குத்தான் என்றேன். மற்ற இரண்டு நடுவர்களும் ஒப்பவில்லை. "தலைப்புக்குள்ள வரல்ல சார். அதுவுமில்லாம இது ஊனம் இல்லியே." 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனம் இருக்கிறது, அதில் அண்டிக் கறை இல்லைதான். சிறகு வைத்த நாற்காலி ஜெயித்தது.

பிரீடா காலோவின் 'உடைந்த தூண்' படத்தை (1944) ஒருநாள் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். மெக்சிகோக்காரி. ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம், 1925-ல் பஸ் விபத்தில் முதுகெலும்பு உடைந்தது. படத்தில் அவள் உடம்பெல்லாம் ஆணி, கன்னத்தில் கண்ணீர், முதுகெலும்பு இருக்கவேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண். எழுதுகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். என் கண் போனது உடம்பைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பட்டைக்கும் அதன் பக்கிளுக்கும். பட்டை எந்த இடத்தில் பிடிக்கும் என்று அதைக் கட்டினவளுக்குத்தான் தெரியும்.

எனக்கும் தொடையில் ஒரு தோல் பட்டை உண்டு, போலியோ காலைத் தாங்குகிற காலிப்பரின் பட்டை. சித்திரை வெயிலில் வியர்த்து ஊறி, ராத்திரி கழற்றினால் சிவப்பாக வளையம் போட்டிருக்கும். முட்டியில் ஒரு லாக். உட்காரும்போது அதை விடுவிக்கணும், 'டக்'கென்று சத்தம் வரும். கோயிலில் பிரசங்கத்துக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகு கேட்கிற கடைசிச் சத்தம் என்னுடையதுதான். என்னைப் பற்றித் தன்னம்பிக்கைப் பேச்சு பேசின எவனும் இந்த 'டக்'கைச் சொன்னதில்லை.

சாந்திநிகேதனில் வினோத் பிஹாரி முகர்ஜி என்று ஒரு ஓவியர் இருந்தார். பிறவியிலேயே பார்வை மோசம். 1957 வாக்கில் கண் ஆபரேஷனுக்குப் பிறகு சுத்தமாகப் போய்விட்டது. பிறகு வண்ணத்தாளை வெட்டி ஒட்டினார். 1972-ல் கலாபவனில் ஓடு பதித்து ஒரு சுவர்ச்சித்திரமே செய்தார். 'கண் இல்லாமலே சாதித்தார்' என்று முடித்துவிடுகிறார்கள். விரலுக்குள் தாள் எப்படித் திரும்பியது, எந்த இடத்தில் கத்தரி நின்றது என்று கேட்க ஆளில்லை.

நம் ஊரில் உடம்பைச் செய்து காட்டுகிற பழக்கம் இல்லாமலா? தலைவலி தீர மண்டைக்காட்டம்மனுக்குத் தலை உருவத்தில் மண்டையப்பம் நேர்கிறோம். என் அம்மை வேளாங்கண்ணியில் வெள்ளிக் கால் ஒன்று காணிக்கை போட்டாள். நல்ல சதைப்பிடிப்பான, நேரான கால். மாதாவே பார்த்தாலும் யாருக்க கால் என்று குழம்பியிருப்பாள்.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்து ஹவுராவில். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் வந்தது. நல்லது, ஒரு பிள்ளைக்கும் இனி இது வேண்டாம். ஆனால் எங்கள் தலைமுறை போனால் காலிப்பரும் அந்த 'டக்'கும் கூடவே போகும், சிறகு முளைத்த நாற்காலி மட்டும் வருஷாவருஷம் பரிசு வாங்கும். அதுதான் எரிச்சல்.

அந்தப் பிள்ளையிடம் கேட்டு, படத்தை ஸ்கேன் செய்து கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கைரேகை ஜோசியமா என்பார்கள். போன வாரம் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு ஒரு அம்மா வந்தார். ஆர்டர் சொல்லவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இரண்டு கையையும் கல்லாமேல் மலர்த்தி வைத்தார். இடது கை விரல்களில்தான் கறை.

"அண்டி பிடிக்கது எடத்த கையிலயாக்கும். இதுல வலத்த கை கறுத்திருக்கு. அந்தப் பிள்ளைக்க அம்மும்மை எடத்த கையால தல்லுதவளா இருக்கும், கேட்டுப் பாரு."