வெள்ளி பெயின்ட் அடித்தால் அது கால்வனைசிங் ஆகிவிடுமா?

என் வீடு கோட்டிவாக்கத்தில், கடலுக்குப் பக்கத்துத் தெருவில். மொட்டைமாடியில் சோலார் பேனலுக்கு ஸ்டாண்டு போட வந்தவர்கள், "எல்லாமே ஜி.ஐ. சார், இருபத்தஞ்சு வருஷம் திரும்பியே பாக்க வேணாம்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஜி.ஐ. என்றால் கால்வனைஸ் செய்த இரும்பு, அதாவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பூச்சு ஏற்றியது. சில மழைக்காலம்தான் போயிருக்கிறது. வெல்டிங் வைத்த ஒவ்வொரு மூட்டிலிருந்தும் துருத்தண்ணீர் வழிந்து தரையெல்லாம் செம்பழுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டால், "கடல் காத்து சார், நாங்க என்ன பண்றது?"

கடல் காற்று இந்தத் தெருவுக்கு நேற்றா வந்தது? அளவெடுக்க மாடி ஏறியபோதே கடல் தெரிந்ததே! இதற்கு வழியே இல்லை என்றால்கூடப் பொறுத்துப் போகலாம். இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தால் துருவிலிருந்து காக்கலாம் என்று 1742-இலேயே பிரான்ஸில் மலூயின் என்ற வேதியியலாளர் சொல்லிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் சொரெல் என்பவர் அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். இவ்வளவு பழைய விஷயத்தை இன்றைக்கும் ஒழுங்காகச் செய்ய மாட்டேன் என்கிறார்களே, அதுதான் வயிறெரிகிறது.

இப்படி முக்கியெடுக்கும் ஹாட் டிப் என்பது பெயின்ட் வேலை இல்லை. இரும்பிலுள்ள எண்ணெயைக் கழுவி, அமிலத் தொட்டியில் போட்டுப் பழைய துருவை எடுத்து, துத்தநாகம் நன்றாக ஒட்டுவதற்கான ஃபிளக்ஸ் கரைசலில் நனைத்து, கிட்டத்தட்ட 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்துக்குள் இறக்குவார்கள். அங்கே இரண்டு உலோகமும் வினைபுரிந்து அடுக்கடுக்காகக் கலப்புலோகம் உருவாகிறது. பூச்சு இரும்போடு சேர்ந்தே போய்விடுகிறது. சின்னக் கீறல் விழுந்தாலும் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். குழாயின் உள்பக்கம்கூட நனையும். ஆனால் வெட்டு, துளை, வெல்டிங் எல்லாவற்றையும் பட்டறையில் முடித்துவிட்டு, துத்தநாகம் உள்ளே போய்வர ஓட்டையும் போட்டு, அதற்கப்புறம்தான் முக்க வேண்டும்.

இங்கே நடந்தது தலைகீழ். ஏற்கெனவே மெல்லிசாகப் பூச்சு ஏற்றிய தகட்டை வளைத்துச் செய்த குழாயைக் கொண்டுவந்து, மாடியிலேயே கட்டிங் மெஷினில் அறுத்து, அங்கேயே வெல்டு வைத்தார்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் சூட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்ததே, காசு கொடுத்து வாங்கிய பூச்சுதான் அப்படி ஆகாயத்துக்குப் போனது. அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வெல்டு வைத்த பையனுக்கு ஒரு நல்ல மாஸ்க் கிடையாது. பால் குடித்தால் சரியாகிவிடுமாம்! அவன் நுரையீரல் என்ன இளப்பமா?

அப்புறம் ஒரு டப்பா சில்வர் பெயின்டைத் திறந்து மூட்டுக்கு மூட்டு தடவிவிட்டு, "கால்வனைஸ் பண்ணியாச்சு" என்றார்கள். அந்த வெள்ளி நிறம் அலுமினியத் தூள். துத்தநாகம் போல அது தன்னைக் கரைத்து இரும்பைக் காப்பாற்றாது. ஒட்டுப்போட என்றே துத்தநாகம் நிறைந்த பெயின்ட் தனியாக இருக்கிறது. அதுவும் சின்ன இடத்துக்குத்தான்: ஹாட் டிப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 1461 ஓரிடத்தில் 10 சதுர சென்டிமீட்டருக்கு மேல் அனுமதிப்பதில்லை. எல்லா மூட்டையும் எரித்துவிட்டு டப்பாவைத் திறப்பதற்குப் பெயர் ரிப்பேரா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் என்று விற்கிற தகட்டில் அது இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்கு எட்டு, எட்டரை மைக்ரான்தான் தேறும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான இரும்பை முறையாக முக்கினால் சராசரி 85 மைக்ரான் இருக்க வேண்டும். கடுமையான கடலோரச் சூழலில், அதாவது சி5 பிரிவில், வருடத்துக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை துத்தநாகம் தேய்ந்துபோகும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 9223. எட்டு மைக்ரான் எத்தனை வருடம் தாங்கும்? இதைத் தெரிந்துகொண்டே இருபத்தைந்து வருடம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

நம் ஆட்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து ஏன் ஏமாறுகிறீர்கள்? எஃகில் சிலிக்கான் கொஞ்சம் கூடினால் பூச்சு மங்கலான சாம்பல் நிறத்தில் வரும், பல சமயம் தடிமனாகவும் இருக்கும். அதைப் "பழைய சரக்கு" என்று திருப்பி அனுப்பிவிட்டு, கண்ணாடி மாதிரி மின்னுகிற மெல்லிசுக் குழாயை ஆசையாக இறக்குகிறோம்.

போல்ட்டு, நட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் இருப்பது மின்முலாம், சில மைக்ரான். முதலில் துருப்பிடித்தது அதுதான். புயல் காற்றில் பேனலைப் பிடித்துக்கொள்ள வேண்டியதும் அதுதான்!

கொட்டேஷனில் 'ஜி.ஐ.' என்று மட்டும் எழுதியிருந்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெல்டிங் முடித்த பிறகு முக்கியதா, எத்தனை மைக்ரான், ஹாட் டிப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4759 படியா, போல்ட்டும் ஹாட் டிப்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். பூச்சின் தடிமனை அளக்கக் கையடக்க மீட்டர் இருக்கிறது. சரக்கு வந்ததும் உங்கள் கண்ணெதிரே அதை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வண்டியிலிருந்து ஒரு குழாயைக்கூட இறக்க விடாதீர்கள்.