பதின்ம வயதுக்கென்று ஓர் அலமாரி வேண்டும்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மர்ம நாவல் வேண்டும் என்று நம் பக்கத்துக் கிளை நூலகங்களில் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பக்கம்தான் கை நீளும். ஒரு பக்கம் சிங்கமும் முயலும் பேசும் நீதிக் கதைகள். இன்னொரு பக்கம் பெரியவர்களுக்கான மாத நாவல்கள். முதல் அலமாரியைப் பிள்ளை எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் வயது வரவில்லை. நடுவில் இருக்க வேண்டிய அலமாரியைக் காணோம். அதை வைக்காத நாமே, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்" என்று அங்கலாய்க்கிறோம். அந்த அங்கலாய்ப்பை நான் ஏற்கவே மாட்டேன்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் மர்மத்தையும் மாயத்தையும் தேடுவது வீண் பொழுதுபோக்கு அல்ல. பெரியவர்கள் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று பிள்ளைக்குப் புரியத் தொடங்கும் வயது அது. மறைத்து வைத்ததை யோசித்துக் கண்டுபிடிக்க முடியும் என்ற தைரியத்தை ஒரு நல்ல துப்பறியும் கதை தருகிறது. பொதுத் தேர்வு நெருங்கியதும் "கதைப் புத்தகத்தை மூடி வை" என்று சொல்லும் வீடுகளில் இந்தத் தைரியம் வேறு எங்கிருந்து வரும்?

நல்ல நாவல் என்றால் சாவும் பயமும் எட்டிப் பார்க்காத நாவல் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம் பிள்ளைகள். 2018 கஜா புயலில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததைச் சிறு வயதில் கண்ணால் பார்த்தவர்கள். சாவைக் கதையில் மறைத்து அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் ஒதுக்குவது வேறு. கொலையை ருசித்து ருசித்து எழுதும் கதை. இறந்துபோன பெண்ணுக்கு ஒரு பெயரோ, அழ ஓர் அம்மாவோ இல்லாமல், அவள் உடலை மட்டும் அங்குலம் அங்குலமாக வர்ணிக்கும் கதை. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, நொண்டிக்கொண்டு வருபவனையும், கறுத்தவனையும், வீட்டு வேலைக்காரனையும் முதல் பக்கத்திலேயே குற்றவாளியாகக் காட்டிவிடும் பழக்கம். ரத்தம் சொட்டும் காட்சியைப் பிள்ளை இரண்டு நாளில் மறந்துவிடும். ஒரு மனிதனின் தோற்றத்தைப் பார்த்தே சந்தேகப்படக் கற்றுக்கொண்டால் அது லேசில் போகாது. அதனால் என் மகளுக்குக் கொடுக்கும் முன் நான் படித்துவிடுகிறேன். இந்தக் கதை யாருக்காக வருத்தப்படுகிறது என்று பார்க்கிறேன். முடிச்சு யோசனையால் அவிழ்கிறதா, தற்செயலால் அவிழ்கிறதா என்று பார்க்கிறேன். மாயக் கதையாக இருந்தால், மந்திரத்துக்கு ஏதாவது விலை உண்டா என்று பார்ப்பேன். கேட்டதெல்லாம் கிடைக்கும் மந்திரத்தில் கதையே இல்லை.

கொலையே இல்லாமலும் மர்மக் கதை நிற்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 1891-ல் வந்த ஒன்று: சிவப்பு முடிக்காரர் ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதும் வேலை, கை நிறையச் சம்பளம். எதற்காக? அவரைத் தினமும் சில மணி நேரம் கடையை விட்டு வெளியே வைத்திருக்க. அந்தக் கடைக்குக் கீழே இருந்து வங்கிக்குச் சுரங்கம் போய்க்கொண்டிருக்கிறது. பிணம் ஒன்றும் விழவில்லை. முடியும் வரை புத்தகத்தைக் கீழே வைக்கவும் முடியாது.

தமிழிலும் இப்போது நல்ல முயற்சிகள் வருகின்றன. கீழடியைப் பின்புலமாக வைத்து உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' இளையோர் நாவலுக்கு 2023-ல் சாகித்திய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. 2020-ல் அதே விருதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலில் பேசும் மரப்பாச்சி ஒன்று, பாலியல் தொல்லைக்கு ஆளாகும் சிறுமிக்குத் துணை நிற்கிறது. இதைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில்: கட்டாயம் கொடுங்கள், கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

நீண்ட கதை கேட்கும் பிள்ளைக்குப் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது, அது எல்லோரும் அறிந்ததே. நான் சொல்ல வருவது வேறு. அந்த நாவலின் நடுவில் இருக்கும் கொலை உண்மையில் நடந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களும், அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலம் பறிமுதலான செய்தியும் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் இருக்கின்றன. கொன்றவர்கள் பெயர் கல்லில் இருந்தும், ஏன் கொன்றார்கள் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நாவலைப் படித்து முடித்த பிள்ளையைப் பஸ் ஏற்றி அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். இதைவிட நல்ல துப்பறியும் பாடம் எங்கே கிடைக்கும்?

துப்பறியும் கதை நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. மன்னார்குடிப் பக்கத்து வடுவூரை இன்று பறவைகள் சரணாலயத்தால் அறிகிறோம். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் 'கும்பகோணம் வக்கீல்' எழுதி வாசகர்களைக் கட்டிப்போட்ட துரைசாமி ஐயங்காரின் ஊர் அது. பெரியவர்களுக்காக, அந்தக் காலத்து நீண்ட நடையில் எழுதப்பட்டது அது. அப்படியே பிள்ளையிடம் நீட்ட மாட்டேன். ஆனாலும் மர்மத்துக்கு லண்டன் மூடுபனி தேவையில்லை, கும்பகோணத்தில் ஒரு வக்கீல் வீடு போதும் என்று அன்றே காட்டிவிட்டார்.

மாயக் கதை என்றால் எனக்கு மணிமேகலைதான். உத்தமதானபுரத்தில் பிறந்து கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொன்ன உ.வே.சா. 1898-ல் பதிப்பித்துக் கொடுத்த காப்பியம். பூம்புகாரில் ஓர் இளம்பெண் தூங்குகிறாள். தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தீவில் விடுகிறது. விழித்தால் தெரியாத கடற்கரை. வேற்றுருவம் எடுக்க, வானில் செல்ல, பசியை வெல்ல மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. பிறகு அள்ளக் குறையாத அமுதசுரபி. அதைக் கொண்டு அவள் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். மந்திரத்துக்கு விலையும் உண்டு. விடாமல் தொடரும் இளவரசனிடமிருந்து தப்ப அவள் காயசண்டிகை என்ற வேறொரு பெண்ணின் உருவம் எடுக்கிறாள். அந்த உருவத்தை உண்மை என்று நம்பிய காயசண்டிகையின் கணவன், இளவரசனை வெட்டிவிடுகிறான். பழி இவள் தலையில் விழுகிறது. மாயமும் மர்மமும் ஆள்மாறாட்டக் கொலையும் ஒரே கதையில்! இதை மதிப்பெண் கேள்வியாகவே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம் என்பது எனக்கு ஆறவே இல்லை. இளையோர் நாவலாக, முந்நூறு பக்கத்தில், நல்ல ஓவியங்களோடு இதை யாராவது எழுத வேண்டும். கோடியக்கரையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் புதிய கதைகளுக்குக் காத்திருக்கின்றன.

நூலகத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று விதி எழுதிய நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர். அந்த விதியைச் சொன்ன அவருடைய நூல் வெளிவந்த 1931-லேயே மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் போனது. எங்கள் கிளை நூலகத்தில் பதின்ம வயதினருக்கென்று தனி அலமாரி கேட்டு, நூல்களின் பெயர்களோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் கொடுங்கள், முடிந்தால் பிள்ளைகள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை விடாமல் படித்து முடித்த தமிழ் மர்ம நாவலோ மாயக் கதையோ இருந்தால் பெயரைக் கீழே சொல்லுங்கள். அட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், நீங்களும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.